இரு பக்கமும் ஒரு சாண்

மழை பெய்தால் ஒழுகுவது எப்போதும் மார்வா பெக்கின் தலையணையில்தான். அவள் கணவர் ஹார்லன் பக்கம் ஒரு சொட்டு விழாது. பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைத்த அந்தக் கேம்பர் வீட்டில், படுக்கை இருப்பது ஓட்டுபவரின் தலைக்கு மேலே முன்னால் துருத்தி நிற்கும் பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள், ஓரத்துக்கு ஒன்றும் நடுவில் மூன்றுமாக. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு திருகாணி, ஒயர் நுழைய ஓர் ஓட்டை. ஆக மொத்தம் பதினைந்து ஓட்டை. வருஷத்துக்கு இரண்டு தடவை பசை பூசியும் பதினைந்தில் ஒன்று ஏமாற்றிவிடும்.

கேம்பர் வைத்திருக்கும் ஆட்களுக்கு உலகத்தில் ஒரே எதிரி தண்ணீர்தான். கரடியைப் பற்றிக்கூட அவர்கள் அவ்வளவு பேசமாட்டார்கள். நான்கு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால், எங்கே ஒழுகுகிறது, எந்த மூலையில் பலகை உளுத்தது, எந்தப் பசை நல்ல பசை என்பதிலேயே பொழுது போய்விடும். ஐடஹோ மாநிலத்தில் சாமன் என்ற ஊரைச் சுற்றியுள்ள கேம்பர்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே. வண்டிக்கு எத்தனை ஓட்டை என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் ஜூனில் மார்வாவின் தலைக்கு மேல் கூரைப் பலகையில் பழுப்புக் கறை படர்ந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அவள் அன்று காலையே ஏணியை எடுத்து வந்து வண்டிக்கு முன்னால் சாய்த்தாள்.

"இந்த அஞ்சையும் பிடுங்கி எறிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு மார்வா," என்றார் ஹார்லன். "எண்பது அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தா அந்த விளக்கு இருந்தே ஆகணும். நம்மது தொண்ணூத்தாறு."

"சட்டம் வந்து என் ஈரத் தலகாணில படுத்துக்குமா?"

"அதுக்கில்லம்மா. எதிர்ல வர்றவன் கீழ ஹெட்லைட்ட மட்டும் பாத்தான்னா வெறும் பிக்கப்புன்னு நெனச்சுக்குவான். மேல பெட்டி ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த ரெண்டு ஓர விளக்குதான் சொல்லும், இது வரைக்கும் நான் இருக்கேன், தள்ளிப் போன்னு."

"நாம என்ன ராத்திரியிலயா ஊர் சுத்தறோம்? சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் நாற்காலியப் போட்டு பியரோட உக்காந்துடறே. பகல்ல எவன் பாக்கறான் உன் விளக்க?"

ஹார்லன் முப்பத்தொரு வருஷம் சாலைத் துறையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டியவர். மலைக் கணவாயில் வெள்ளைப் புகைக்குள் எதிரே என்ன வருகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தே நரைத்தவர். விளக்கின் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் மார்வாவோடு வாதாடி ஜெயித்த அனுபவம் அவருக்கு நாற்பத்து நான்கு வருஷத்தில் கிடையாது. அவள் பல் டாக்டர் ஆபீசில் முன் மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். வலியில் துடிக்கிறவர்களையே வியாழக்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பியவள்.

"சரி, இப்ப எடு," என்றார் கடைசியில். "ஓட்டை இல்லாம ஒட்டற மாதிரி விளக்கு இப்ப வருதாம். வாங்கி மாட்டிடலாம்."

"மாட்டலாம், மாட்டலாம்."

மார்வா தன் கையாலேயே திருகாணிகளைக் கழற்றினாள். பதினைந்து ஓட்டையிலும் பசை நாடாவைத் திணித்து, மேலே பைபர் துண்டு ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை அடித்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் ஒழுகவில்லை, அதனால் அவை தப்பின. ஹார்லன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஒட்டும் விளக்கு வாங்கும் பேச்சை அவர் ஜூலையில் ஒருமுறை எடுத்தார். ஆகஸ்டில் ஒருமுறை எடுத்தார். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மார்வா.

ஜூலைக் கடைசியில் கேம்பர் சங்கத்தின் ஏரிக்கரைக் கூட்டம் நடந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் தங்கள் வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். காகிதத் தட்டில் தின்பண்டத்தோடு ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கி, அலமாரியைத் திறந்து பார்த்து, நல்ல யோசனை இருந்தால் திருடிக்கொண்டு போகலாம். அதற்காகத்தான் அந்த நாள். மார்வா அந்த வருஷம் யாரையும் உள்ளே விடவில்லை. வண்டிக்கு முன்னால் நிறுத்தி நெற்றியைக் காட்டினாள்.

"தடவிப் பாருங்க. எங்கயாவது ஒரு ஓட்டை தட்டுப்படுதா? ரெண்டு பெருமழை பாத்துடுச்சு. தலகாணி எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு."

பத்து கைகள் தடவிப் பார்த்தன. சங்கத் தலைவர் ஜீன் அதற்கு 'மார்வா வைத்தியம்' என்று பெயர் வைத்தார். அவர் மனைவி வெர்லா மார்வாவின் நெருங்கிய தோழி; மறுவாரமே கணவரை ஏணியில் ஏற்றிவிட்டாள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஏழு வண்டிகளின் நெற்றி மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அந்தக் கோடை முழுக்க மார்வாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை ஏழு மணி. ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் சாலையை மூடியிருந்தது. ஊரிலிருந்து இருபது மைலில் ஒரு பழைய இரும்புப் பாலம் உண்டு. இரண்டு வண்டி எதிரெதிரே போகலாம். ஆனால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். ஹார்லன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஏறினார். எதிரே வைக்கோல் கட்டு ஏற்றிய லாரி வந்தது. அதன் நெற்றியில் விளக்குகள் எல்லாம் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஹார்லன் தன்னால் முடிந்தவரை கைப்பிடிச் சுவரை ஒட்டினார். லாரிக்காரனும் ஒதுங்கினான், ஒரு பிக்கப் வண்டிக்கு எவ்வளவு இடம் விடவேண்டுமோ அவ்வளவு விட்டான்.

லாரியின் முன்பக்க இரும்புச் சட்டம் கேம்பரின் இடது மூலையில் மாட்டிக்கொண்டது. பெட்டி கிழிந்து, கட்டியிருந்த சங்கிலிகள் தெறித்து, பிக்கப் சுழன்று கைப்பிடிச் சுவரை உடைத்தது. பெட்டியின் முன்பாதி ஆற்றுக்குள் போனது. வண்டி பாலத்து விளிம்பில் தொங்கியது. மார்வாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஹார்லன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

மறுநாள் மாநிலப் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மார்வாவின் கட்டிலருகே வந்து நின்றார். மாநிலத் தலைநகர் போய்சியிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்த மகள் ஜானல், அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான் மேடம். அந்த லாரி டிரைவர், டெரில்னு பேரு, உண்மையச் சொல்ற ஆளாத்தான் தெரியறான். ஹெட்லைட் ரெண்டுதான் பார்த்தேன், பிக்கப்புன்னு நெனச்சேன், மேல் விளக்கு எதையும் பார்க்கலைங்கறான். பெட்டியோட முன்பக்கம் ஆத்துல போயிடுச்சு, எடுத்தது எல்லாம் வெறும் சில்லுதான். மேல் விளக்கு எரிஞ்சுதா?"

மார்வா வாயைத் திறப்பதற்குள் ஜானல் சீறினாள். "என்ன கேக்கறீங்க நீங்க? எங்கப்பா முப்பத்தொரு வருஷம் பனி வண்டி ஓட்டினவரு. எனக்கு சைக்கிள் வாங்கித் தந்தப்ப, விளக்கு வாங்கி மாட்டற வரைக்கும் ஏற விடல. அந்த நாய் தூங்கிட்டு வந்திருக்கு!"

"உங்கம்மா சொல்லட்டும்," என்றார் போலீஸ்காரர்.

மகள் அவள் கையை இறுக்கினாள். மார்வாவுக்கு வலி மருந்தில் தலை கிறுகிறுத்தது. ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பிற்பாடு அவள் தனக்குள்ளே எத்தனை தடவை மறுத்துப் பார்த்தாலும், தெளிவாகத்தான் இருந்தது.

"எரிஞ்சுது," என்றாள்.

அவர் குறித்துக்கொண்டு, ஆழ்ந்த இரங்கல் சொல்லிவிட்டுப் போனார். விசாரணை அத்தோடு முடிந்தது, குற்றம் டெரில் மேல் பதிவானது. பார்க்கவில்லை என்று டிரைவரே ஒப்புக்கொள்கிறான், எரிந்தது என்று உயிர் பிழைத்தவள் சொல்கிறாள். இதற்கு மேல் யார் என்ன தோண்டுவார்கள்? பொய் சொல்லத் தெரியாதவன் எப்போதும் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்.

சாவு வீட்டுக்குச் சங்கத்தார் எல்லோரும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டோடு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் அதுதான் வரும், மேலே சோள அவல் தூவி. மொத்தம் எட்டுத் தட்டு. மகள் வாசலில் ஆட்களை வழியனுப்பிக்கொண்டிருந்தபோது, வெர்லா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"விளக்கப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எரிஞ்சுதுன்னு சொன்னேன்."

வெர்லா நீளமாக மூச்சு விட்டாள். "நல்லது. நல்லதுடி. இனிமே அத மாத்திக்காதே. ஹார்லன் பேரு கெட்டுப் போகக் கூடாது பாரு."

"ஹார்லன் பேரா?"

"பின்னே யார் பேரு?" என்றபடியே வெர்லா தட்டுகளை ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். அவள் மார்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, ஹார்லன் நினைவாக ஏரிக்கரையில் ஒரு மதியச் சாப்பாடு வைத்தார்கள். மகள் மார்வாவைக் காரில் கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வெயில் பளீரென்று அடித்தது. மலைத் திருப்பத்தில் சங்கத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் வண்டி ஜீனுடையது. அதன் நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் வந்ததிலும் ஐந்து. அதற்கும் பின்னால் வந்ததிலும். மார்வாவின் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஏழு வண்டிகளிலும், நட்டநடு மதியத்தில், புத்தம்புது விளக்குகள்.

"எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா," என்றாள் ஜானல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பாவுக்கு மரியாதையா எல்லாரும் விளக்குப் போட்டுட்டு வர்றாங்க."

மார்வா ஒவ்வொரு நெற்றியாக எண்ணினாள். பாவிகள்! ஒருவன்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து கைகளும் தடவிப் பார்த்த கைகள்தானே. எல்லோருக்கும் தெரியும். இரண்டே வாரத்தில் ஏணி வைத்து, துளை போட்டு, மாட்டி, பசை பூசியிருக்கிறார்கள். அவர்கள் உயிர் மேல் அவ்வளவு அக்கறை. ஒவ்வொருவராக வந்து குனிந்து கட்டிக்கொண்டபோது, எல்லோர் கண்ணும் அவள் தோளுக்கு அப்பால் ஏரியைப் பார்த்தது. கோபம் அவர்கள் மேல்தான் வந்தது. தன் மேல் வந்தால் அதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

டெரில் வந்தது நவம்பரில். மகள் போய்சிக்குத் திரும்பிவிட்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு மார்வா திறந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள், தாடி மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, படிக்குக் கீழேயே நின்றான். நல்ல உயரம். ஆனால் நின்ற விதத்தில் அந்த உயரம் தெரியவில்லை.

"நான்தான் டெரில், மேடம். போன்னு சொன்னீங்கன்னா போயிடறேன்."

போ என்று சொல்லியிருக்கலாம். மார்வா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வக்கீல் வரக்கூடாதுன்னாரு. வராம இருக்க முடியல. மன்னிப்புக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்." அவன் தொப்பியைத் திருகினான். "பதினெட்டு வருஷமா வைக்கோல் அடிக்கறேன் மேடம். ஒரு கீறல் கெடையாது. குடிக்கிற பழக்கம் இல்ல. அன்னிக்கு நல்லாத் தூங்கி எழுந்துதான் வந்தேன். எதிர்ல பிக்கப் வருதுன்னு கண்ணால பார்த்தேன். அது கேம்பரு. கேம்பர்னா மேல அஞ்சு விளக்கு இருக்கும், சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நான் பார்க்கல. அது எப்படி? கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லைன்னுட்டாரு. அப்ப தூங்கித்தானே இருக்கேன்? முழிச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன். எனக்கே தெரியாம."

டெரில் படியில் கால் வைக்காமலே தொடர்ந்தான்.

"வீட்ல என் பொண்ண ஸ்கூலுக்குக் கார்ல கூட்டிட்டுப் போகப் பயமா இருக்கு. என் கண்ண நானே நம்பறதில்ல இப்ப. அந்த அஞ்சு விளக்கையும் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், எங்கயாவது ஒரு மூலைல ஞாபகம் இருக்கான்னு. இல்ல மேடம். வெறும் பனிதான் இருக்கு."

ஒரே ஒரு வாக்கியம். விளக்கு இல்லை, நான்தான் பிடுங்கினேன், உன் கண் நல்ல கண். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் உதடு பிரிந்தது. அந்தச் சமயத்தில் உள்ளே போன் அடித்தது.

"போன் எடுக்கணும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பேசியது ஜானல். போன் எடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். மார்வா சொன்னதும் கொதித்துப் போனாள். "அந்த ஆளு உன் வாசப்படி மிதிச்சானா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? அம்மா, கேளு. அப்பாவக் கொன்னவன நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். நீயும் மன்னிக்கக் கூடாது. எனக்கு இப்ப நீ ஒருத்திதான் இருக்கே."

எனக்கு இப்ப நீ ஒருத்திதான். மகளின் மனதில் 'அப்பாவக் கொன்னவன்' என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு வைக்கோல் லாரிக்காரன் நிற்கிறான். அவன் நகர்ந்தால் அங்கே யார் போய் நிற்க வேண்டும் என்பது மார்வாவுக்குத் தெரியாதா?

டெரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை எவ்வளவு என்று தீர்மானிக்க ஜனவரியில் ஒரு நாள் வைத்தார்கள். செத்தவர் வீட்டுக்காரர்கள் அன்றைக்கு நீதிபதி முன்னால் பேசலாம். மார்வா ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினாள். ஜூன் மாதம், ஏணி, பதினைந்து ஓட்டை, வெள்ளைப் பெயின்ட், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்து, நான்காய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது, செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. கோர்ட்டுக்குப் போகிறவரைக்கும் அவள் சொல்லத்தான் போனாள். அதில் சந்தேகம் வேண்டாம்.

கோர்ட் அறை சின்னது. சங்கத்தார் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜானல் பக்கத்தில் இருந்தாள். எதிர்ப்பக்கம் டெரிலின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். முதலில் டெரில் எழுந்தான்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க. விளக்கு எரிஞ்சுது, நான் பார்க்கல. ஒரு நல்ல மனுஷன் செத்துட்டாரு. நீங்க எவ்வளவு குடுத்தாலும் அது சரிதான்."

"மிஸஸ் பெக்," என்றார் நீதிபதி.

மார்வா எழுந்தாள். காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரி 'ஜூன் மாதம்' என்று ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜீன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லா மட்டும் நேராக மார்வாவின் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தாள். அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஜானல் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள், ஐந்து வயதில் பார்த்த மாதிரி, அம்மாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

மார்வா காகிதத்தை மடித்தாள்.

"என் புருஷன் கோபக்காரர் இல்ல," என்றாள். குரல் நடுங்கியது, துக்கத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "அவர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ அதையே நானும் சொல்றேன். டெரில், நான் உன்ன மன்னிச்சுட்டேன்."

டெரில் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பெருங்குரலெடுத்து அழுதான். அவன் மனைவி ஓடிவந்து மார்வாவின் காலருகே மண்டியிட்டு அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன் என்ற ஜானலும் விம்மினாள். நீதிபதியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயில் இல்லை, லைசென்ஸ் மட்டும் மூன்று வருஷத்துக்கு ரத்து என்று தீர்ப்பு ஆனது. வெளியே வந்ததும் வெர்லா அவளைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ தெய்வம்டி," என்றாள். மார்வாவுக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது.

ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். தேவாலயத்தில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லாமல் அவளைப் பற்றியே ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். மளிகைக் கடையில் முன்பின் தெரியாத பெண்கள் அவள் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். செய்யாத குற்றத்துக்கு ஒருவனை மன்னிப்பதைப் போல் சுலபமான புண்ணியம் இந்த உலகத்தில் வேறு இல்லை. அதற்குத்தான் அந்த ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

டெரில் லாரியை விற்றுவிட்டு, மாட்டுத் தீவனக் கடையில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போனான். பனி விழுந்த ஒவ்வொரு காலையும், வேலைக்குப் போகும் வழியில், நடந்தே வந்து மார்வாவின் வாசலில் பனி தள்ளினான். யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுநாளும் வந்தான். படியிலிருந்து சாலை வரைக்கும் ஒரு கோடு பிசகாமல் ஒதுக்குவான். சாலைத் துறையில் ஹார்லன்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை, குளிர் மிகக் கடுமையாக இருந்தது. அவன் புருவத்தில் பனி உறைந்திருந்ததைப் பார்த்து, மனசு கேட்காமல் மார்வா அவனை முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டாள். சமையலறை மேசையில் உட்கார வைத்துக் காபி ஊற்றினாள். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம். கோர்ட்டுக்கு முந்தின வாரம் என் பொண்டாட்டி வீட்ல இருந்த துப்பாக்கி எல்லாத்தையும் அவ அண்ணன் வீட்ல கொண்டுபோய் வெச்சுட்டா. சரியாத்தான் செஞ்சா." அவன் சிரிக்கப் பார்த்தான். "இப்பவும் கண்ண மூடினா அந்தப் பாலம்தான். அஞ்சு விளக்கத் தேடறேன். கெடைக்கல. கெடைக்கவே கெடைக்காது போல. ஆனா உங்க வார்த்தை ஒண்ணு இருக்கு பாருங்க, நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் காலைல எந்திரிக்கறேன். அது மட்டும் இல்லைன்னா நான் இல்ல."

மார்வா அடுப்போரம் நின்றாள். இங்கே மகள் இல்லை, கோர்ட் இல்லை, வெர்லா இல்லை. இந்தச் சமையலறையில் இரண்டே பேர்தான். அவன் தேடிக்கொண்டிருப்பது எங்கேயும் இல்லை என்று அவனிடம் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். சொன்னால் அவனுக்கு அவன் கண்கள் திரும்பக் கிடைக்கும். காலையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் அந்த வார்த்தை அவன் கையிலேயே உடையும். உண்மையில் அவள் பயந்தது அதற்குக்கூட இல்லை. அவன் தலை நிமிர்ந்து தன்னைப் பார்க்கப் போகும் அந்தப் பார்வைக்குத்தான். தான் எப்பேர்ப்பட்ட கோழை என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

அவன் பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.